லாப்–ஷெப்பர்ட் கிராஸ் குட்டி: "கிராஸ் என்றால் நோயே வராது" என்பது சரியா?

கேள்வி, 3 மே 2025

வணக்கம் அண்ணா. எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். 15 சென்ட், சுற்றுமதில் உண்டு. தெரிந்த ஒருவர் மூலமாக லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் சேர்ந்த கிராஸ் குட்டி ஒன்று வருகிறது. பிறந்து 40 நாளில் தருவார்களாம். "ரெண்டு இனத்தோட நல்ல குணமும் சேர்ந்து வரும், தனி இனத்துக்கு வர்ற சீக்கு எதுவும் கிராஸுக்கு வராது, 35 கிலோ வளரும்" என்று விற்பவர் சொல்கிறார். நீங்கள் இதே கிராஸ் வளர்ப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். வாங்கலாமா?

4 மே 2025, இரவு

தம்பி, எனக்கும் 2016-ல் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். நம்பினேன். எங்கள் நாய் மைனாவுக்கு இப்போது எட்டரை வயது. இடது பின்னங்கால் இடுப்பில் மூட்டுத் தேய்மானம். காலையில் எழுந்தால் பத்து அடி நொண்டித்தான் நடை சீராகும். லாப்ரடாருக்கும் இடுப்பு மூட்டுப் பிரச்சினை வரும், ஷெப்பர்டுக்கும் வரும். இரண்டு பக்கமும் இருக்கும் ஒரு குறை, இரண்டையும் சேர்த்தால் எப்படிக் காணாமல் போகும்? வாங்கும்போது இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மைனாவைப் போல ஒரு உயிர் எங்கள் வீட்டுக்கு வந்தது பாக்கியம். ஆனால் குட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் தாயையும் தகப்பனையும் பாருங்கள். படுத்திருக்கும்போது கூப்பிட்டு எழுப்பிப் பாருங்கள். முன்னங்காலை ஊன்றிப் பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு எழுந்தால், ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் முயல் மாதிரி ஒன்றாகச் சேர்த்து வைத்து ஓடினால், அந்தக் குட்டி வேண்டாம். தகப்பன் எங்கோ இருக்கிறது, போட்டோ மட்டும் உண்டு என்றால், ஒரு நாள் செலவானாலும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குணம் எப்படி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மைனாவும் அருமனையில் என் மச்சினன் வீட்டில் இருக்கும் டைகரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். டைகர் 37 கிலோ, யார் வந்தாலும் வாலாட்டுவான். மைனா 28 கிலோ, யாரையும் எளிதில் நம்ப மாட்டாள். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரிதான்.

4 மே, பத்து நிமிடம் கழித்து

முக்கியமானதை விட்டுவிட்டேன். 40 நாள் குட்டியை வாங்காதீர்கள். எட்டு வாரம், அதாவது 56 நாள் ஆக வேண்டும். 2017-ல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளிலும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. விதிக்காக மட்டும் சொல்லவில்லை. கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவர்களிடமும்தான் கற்றுக்கொள்கிறது. மைனாவை 38-ஆம் நாள் கொண்டுவந்தோம். முதல் ஆறு மாதம் என் மகளின் கையெல்லாம் பல் பட்ட கீறல். கடி என்று சொல்ல மாட்டேன், விளையாட்டுதான். ஆனால் எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

6 மே 2025

மேலே "சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி" என்று எழுதியதைத் திருத்துகிறேன். இரண்டு நாளாக மனதில் அது உறுத்திக்கொண்டே இருந்தது. தகப்பன் அசல் லாப், தாய் அசல் ஷெப்பர்ட் என்றால் முதல் தலைமுறைக் குட்டிகளில் ஓரளவு ஒற்றுமை இருக்கும். அந்தக் கிராஸையும் இன்னொரு கிராஸையும் சேர்த்துப் பிறக்கும் அடுத்த தலைமுறையில்தான் ஒன்று அப்பாவைப் போல, ஒன்று தாத்தாவைப் போல என்று சிதறிப் போகும். ஆகவே "எத்தனையாவது தலைமுறை" என்று விற்பவரிடம் கேளுங்கள்.

இதில் நிறமும் ஒரு அடையாளம். மைனாவின் அப்பா மஞ்சள் லாப், குலசேகரத்தில் ஒரு எஸ்டேட் வீட்டில் இருந்தது. அம்மா கறுப்பும் செம்மண் நிறமும் கலந்த ஷெப்பர்ட். பிறந்த குட்டி ஏழும் கறுப்பு. நெஞ்சில் மட்டும் ஒரு பொட்டு வெள்ளை. பக்கத்து வீட்டுக்காரர் அன்று அந்த ஷெப்பர்டின் ஒழுக்கத்தையே சந்தேகப்பட்டுப் பேசினார். பாவம், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. லாப்ரடாரிடம் கறுப்பைத் தூக்கிக் காட்டும் மரபணு உண்டு. மஞ்சள் லாபிடமும் அது இருக்கிறது, இன்னொரு மரபணு அதை மறைத்து வைத்திருக்கிறது. ஷெப்பர்டோடு சேரும்போது அந்த மறைப்பு விலகிக் கறுப்பு வெளியே வந்துவிடும். அதனால் மஞ்சள் லாபுக்கும் சாதாரண ஷெப்பர்டுக்கும் பிறக்கும் முதல் தலைமுறை பெரும்பாலும் கறுப்பாகத்தான் இருக்கும். உங்களுக்குக் காட்டும் குட்டி மஞ்சளாக இருந்தால், பெற்றோர் விவரத்தை இன்னொரு தடவை விசாரியுங்கள்.

6 மே, இரவு

"நோய் வராது" என்பதற்கு நேரான பதிலைச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். 2013-ல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், 27,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை எடுத்து 24 பரம்பரை நோய்களைப் பார்த்தார்கள். 10 நோய்கள் தனி இனங்களில் அதிகம். 13 நோய்களில் தனி இனத்துக்கும் கலப்புக்கும் வித்தியாசமே இல்லை. ஒன்று, முழங்கால் சவ்வு கிழிவது, கலப்பு நாய்களில்தான் அதிகம். இடுப்பு மூட்டுக் கோளாறு அந்தப் பதின்மூன்றில் ஒன்று.

சில நோய்களில் கிராஸுக்கு நன்மை உண்டு, அது உண்மை. எங்கள் நாய்க்கு வந்தது அந்தப் பட்டியலில் இல்லாத நோய்.

9 மே 2025

குணத்தைப் பற்றிக் கேட்டு இன்னொரு தம்பி தனியாக எழுதியிருந்தார். விரிவாகவே எழுதுகிறேன், இதைப் பற்றிப் பேசுவதென்றால் எனக்கு அலுப்பே கிடையாது.

ஷெப்பர்ட் ஆடு மேய்த்த நாய். ஜெர்மனியில் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி 1899-ல் ஹோராண்ட் என்ற நாயை முதல் நாயாகப் பதிந்து இனத்தை வகுத்தார். முதல் உலகப் போரில் ஜெர்மனி என்ற பேரே இங்கிலாந்துக்காரர்களுக்குப் பிடிக்காமல் போக, அவர்கள் "அல்சேஷன்" என்று மாற்றினார்கள். 1977-ல்தான் பழைய பெயர் அங்கே திரும்பியது. நம்மூர் வயசாளிகள் இன்னும் அல்சேஷன் என்றுதான் சொல்கிறார்கள். லாப்ரடாரோ மீன்பிடிக்காரர்களின் நாய். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் வலைக்கயிற்றை இழுத்துக் கொடுத்து, தூண்டிலில் இருந்து நழுவிய மீனைப் பாய்ந்து பிடித்துத் தந்த நாய்களின் வம்சம். பிறகு இங்கிலாந்துக்குப் போய் 1903-ல் தனி இனமாக அங்கீகாரம் பெற்றது. தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் கரைமடி வலை இழுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாய்கள் ஞாபகத்துக்கு வரும்.

இந்த இரண்டும் மைனாவுக்குள் இருக்கின்றன. அடுத்தடுத்து வெளியே வரும். எங்களுக்கு முக்கால் ஏக்கர் ரப்பர் உண்டு. விடிகாலை ஐந்து மணிக்குப் பால் வெட்ட வரும் அண்ணனை அவள் ஏழு வருடமாகத் தினமும் பார்க்கிறாள். இருந்தும் தினமும் இரண்டு குரல் கொடுத்துவிட்டுத்தான் வழி விடுவாள். பிறகு அவர் மரம் மரமாகப் போகும்போது கூடவே நடப்பாள். அது ஷெப்பர்ட் புத்தி. அதே நாய் மதியம் சானல் (பாசனக் கால்வாய்) கரைக்குக் கூட்டிப் போனால் தண்ணீரைப் பார்த்த மாத்திரத்தில் குதித்துவிடும். கயிற்றைக் கையில் சுற்றியிருந்தால் நாமும் சேர்ந்து குதிக்க வேண்டியதுதான். அது லாப் புத்தி. வாயில் ஏதாவது ஒன்று இல்லாமல் வீட்டுக்குத் திரும்ப மாட்டாள். சிரட்டை, செருப்பு, ஒருமுறை முழு அயினிச்சக்கை (காட்டுப் பலா).

காவலுக்கு நல்ல நாயா என்று கேட்டால், குரல் கொடுக்கும் நாய். பாயும் நாய் வேண்டும் என்று இதை வாங்காதீர்கள். தயவுசெய்து, பாயும் நாயாக மாற்றவும் பார்க்காதீர்கள். ஆட்களைப் பார்த்துப் பயந்து வளரும் ஷெப்பர்ட் ரத்தம் கடிக்கும். மூன்றாவது வாரத்தில் இருந்து பதினாலாவது வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பழகும் காலம். அதற்குள் குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர், மீன்காரர், சைக்கிள், ஆட்டோ, கோயில் மேளம், தெருவில் ஓடும் பிள்ளைகள் எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள். தடுப்பூசி முடியும் முன்னே தரையில் விட வேண்டாம், தோளில் போட்டுக்கொண்டு போகலாம். நாங்கள் மைனாவை நாலு மாதம் வீட்டுக்குள்ளேயே பொத்திப் பொத்தி வைத்தோம். அவள் யாரையும் நம்பாததற்கு ரத்தம் பாதிக் காரணம், நாங்கள் பாதிக் காரணம்.

10 மே 2025

டைகர் 37 கிலோ என்று எழுதியிருந்தேன். மச்சினன் கூப்பிட்டு 39 என்றார். அரிசிக்கடைத் தராசில் எடை போட்டாராம். டைகருக்கு அது கூடுதல், அவரிடமும் சொல்லிவிட்டேன். ஆண் லாப் 36 வரை, ஆண் ஷெப்பர்ட் 40 வரை போகும் என்று கணக்கு உண்டு. ஆனால் கணக்கைப் பார்க்காதீர்கள், நாயைப் பாருங்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

15 மே 2025

சாப்பாடு. இதில்தான் எனக்கு மனக்கஷ்டம் அதிகம், அதனால் நீளும்.

லாப்ரடாருக்கு ஏன் பசி அடங்குவதில்லை என்பதற்கு 2016-ல் கேம்பிரிட்ஜில் காரணம் கண்டுபிடித்தார்கள். வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் ஒரு மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. ஏறக்குறைய நாலு லாபில் ஒன்றுக்கு இப்படி. உங்கள் குட்டியின் தகப்பனிடம் அது இருந்தால் குட்டிக்கும் வரலாம். அப்படி வந்த நாய் கண்ணைப் பார்த்துக் கெஞ்சும்போது நடிக்கவில்லை, அதற்கு உண்மையாகவே பசிக்கிறது. என் அம்மாவால் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியாது. மரவள்ளிக் கிழங்கு அவித்தால் ஒரு துண்டு, சாளை பொரித்தால் ஒன்று, பழஞ்சோறு, சாயங்காலம் டீயோடு ரஸ்க். நானும் தடுக்கவில்லை. "நல்ல தடியா இருக்கு" என்று வருகிறவர்கள் பாராட்டும்போது பெருமையாக இருந்தது. நாலு வயதில் மைனா 35 கிலோ. அவள் எலும்புக்கு 28-தான் சரி.

ஒரே கம்பெனி வளர்த்த 48 லாப்ரடார்களை வைத்து வாழ்நாள் முழுக்க ஒரு சோதனை நடந்தது. முடிவு 2002-ல் வந்தது. ஒரே வயிற்றுக் குட்டிகளை ஜோடியாக்கி, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றில் பாதி 13 வயது தாண்டி வாழ்ந்தன, மற்றவற்றில் பாதி 11.2 வயது தாண்டி. மூட்டுத் தேய்மானமும் மெலிந்த நாய்களுக்குத் தாமதமாகவே வந்தது. இதை நான் படித்தது 2021-ல், மைனா நொண்டத் தொடங்கிய பிறகு. படித்துவிட்டு அன்று இரவு தூங்கவே இல்லை.

விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். நம் புறங்கையில் விரல் எலும்பைத் தடவினால் எப்படித் தட்டுப்படுமோ அப்படித் தட்டுப்பட வேண்டும். மேலே இருந்து பார்த்தால் இடுப்பு உள்ளே ஒடுங்கித் தெரிய வேண்டும். பார்ப்பவர்கள் "நாய்க்குச் சோறு போடுறதில்லையா" என்று கேட்கும் நிலைதான் இந்த நாய்க்குச் சரியான நிலை.

நாங்கள் இப்போது கொடுப்பது: காலையும் மாலையும் இரண்டு வேளை. சோறு, அவித்த மீன் முள் நீக்கியது அல்லது கோழி எலும்பில்லாமல், பூசணிக்காய் இல்லை காரட், வாரத்தில் மூன்று நாள் முட்டை. உப்பும் மசாலாவும் கிடையாது. வெங்காயமும் திராட்சையும் நாய்க்கு விஷம், அதனால் குழம்புச் சோறு கூடவே கூடாது. வெந்த எலும்பு கூடாது, உடைந்தால் ஊசி மாதிரி நிற்கும். பச்சை மரவள்ளி கூடாது, அதில் சயனைடு உண்டு. நன்றாக வேகவைத்து வடித்தது கொஞ்சம் கொடுக்கலாம். சக்கை (பலாப்பழம்) பருவத்தில் கொட்டையை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டைகர் ஒருமுறை விழுங்கிவிட்டு இரண்டு நாள் வாந்தி, எப்படியோ தப்பித்தான்.

16 மே 2025

நேற்று எழுதியது பெரிய நாய்க்கு. குட்டிக்கு இன்னொரு விஷயம் இருக்கிறது. பெரிய இனக் குட்டிக்கு எலும்பு பலப்பட வேண்டும் என்று கால்சியம் டானிக் வாங்கி ஊற்றுவார்கள். நாங்களும் ஒரு மருந்துக்கடையில் சொல்லி இரண்டு பாட்டில் ஊற்றினோம். செய்யக் கூடாது. வளர்ந்த நாய்க்குத் தேவைக்கு மேல் வரும் கால்சியத்தை ஒதுக்கத் தெரியும். சின்னக் குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது, கொடுப்பதில் பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும். எலும்பு தாறுமாறாக வளரும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே செய்த தீவனம் கொடுத்தால் மேற்கொண்டு எதுவும் தேவையில்லை. வீட்டுச் சாப்பாடு என்றால் எவ்வளவு சேர்ப்பது என்று கால்நடை மருத்துவரிடம் கணக்குக் கேளுங்கள்.

28 மே 2025

மழை வந்துவிட்டது. இந்த வருடம் மே 24-லேயே கேரளத்தில் தொடங்கிவிட்டதால் நமக்கும் சீக்கிரமே வந்தது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), பிறகு துலாமழை (வடகிழக்குப் பருவமழை) என்று வருடத்தில் இரண்டு மழையும் கிடைக்கும் நம் மாவட்டத்தில் இந்த நாயின் ரோமம்தான் பெரிய வேலை. இரண்டு அடுக்கு. மேலே தடித்த முடி, அடியில் பஞ்சு போல. மேலே காய்ந்த மாதிரி தெரியும், விரலை விட்டால் அடியில் ஈரம் நிற்கும். அப்படியே விட்டால் ஒரு ராத்திரியில் தோல் சிவந்து புண்ணாகிவிடும். பழைய வேட்டி இரண்டு இதற்கென்றே வைத்திருக்கிறோம். துடைத்துவிட்டு ஃபேனுக்கு அடியில் படுக்க வைப்போம். வெயில் காலத்தில் பாவம் என்று சிலர் மொட்டையடிக்கிறார்கள். வேண்டாம். அந்த ரோமம் சூட்டையும் தடுக்கிறது, தினமும் சீவி உதிர்ந்ததை எடுத்தால் போதும்.

சானலில் குளிக்கும் நாய்க்குக் காது. லாபின் மடிந்த காதுக்குள் தண்ணீர் நிற்கும். மைனாவுக்கு ஒரு காது ஷெப்பர்ட் மாதிரி நிமிர்ந்தும் ஒன்று மடிந்தும் இருக்கும். மடிந்த காதில் மட்டும்தான் இதுவரை நாலு தடவை சீழ் பிடித்தது. தலையை ஒரு பக்கமாக ஆட்டினாலோ, காதில் புளித்த வாடை வந்தாலோ காட்டிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் ஊற்றாதீர்கள்.

உண்ணிதான் எல்லாவற்றையும்விடப் பயம். 2019 ஆகஸ்டில் மைனா மூன்று நாள் சாப்பிடவில்லை. சாப்பாட்டுக்காகவே பிறந்தவள் சாப்பிடவில்லை என்றால் பாருங்கள். காய்ச்சல் 104. நாய்க்கு 101 முதல் 102.5 வரை இருந்தால் சாதாரணம். நாலாம் நாள் மூக்கில் ரத்தம். உண்ணிக் காய்ச்சல், தட்டணுக்கள் குறைந்துவிட்டன. முதலில் காட்டிய இடத்தில் வெறும் வயிற்றுக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள். இரண்டாவது மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொன்னார். டாக்ஸிசைக்ளின் என்ற மருந்து 28 நாள். அஞ்சாம் நாள் எழுந்து தட்டை நக்கினாள், என் மனைவி அடுக்களையில் நின்று அழுதாள். மருந்தை நடுவில் நிறுத்தாமல் 28 நாளும் கொடுக்க வேண்டும்.

உண்ணியை நாயின் உடம்பில் மட்டும் தேடினால் தீராது. அது இறங்கிப் போய்ச் சுவர்ப் பிளவில், ஓட்டுக்கு அடியில், விறகு அடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். நாய்க்கு மாதமோ மூன்று மாதமோ வேலை செய்யும் மாத்திரை, வீட்டுச் சுவர் விளிம்புக்குத் தனியாக மருந்து. இரண்டும் வேண்டும்.

28 மே, இரவு

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். நாய் உண்ணிக்குப் போடும் பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொன்றுவிடும். வீட்டில் பூனை இருந்தால் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: ஷெப்பர்ட் ரத்தத்தில் சில நாய்களுக்கு ஐவர்மெக்டின் என்ற மருந்து ஒத்துக்கொள்ளாத மரபணு உண்டு. உண்ணிக்கும் சொறிக்கும் அந்த ஊசி நம்மூரில் தாராளமாகப் போடப்படுகிறது. ஊசிக்கு முன்னால் "இது ஷெப்பர்ட் கிராஸ்" என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

12 ஜூன் 2025

தம்பி எழுதியிருக்கிறார், தாயைப் பார்த்தாராம். நன்றாக நடக்கிறது, வந்தவர்களை மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போய்ப் படுத்துக்கொண்டதாம். தகப்பன் திக்கணங்கோட்டில். அடுத்த ஞாயிறு போகிறார். குட்டி கறுப்பு. 56 நாள் வரை விட்டு வைக்க விற்பவர் சம்மதித்துவிட்டார். படிக்கப் படிக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தடுப்பூசி: பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கெல்லாம் சேர்ந்த ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் வரை. மூன்று மாதத்தில் ரேபிஸ், பிறகு வருடா வருடம். எலிக்காய்ச்சலுக்கும் சேர்ந்த ஊசியாகக் கேளுங்கள். வயலும் தோப்பும் எலியும் தேங்கின தண்ணீரும் இருக்கும் நம்மிடத்தில் அது நாய்க்கு மட்டும் வருவதில்லை, மூத்திரத்தின் வழியாக நமக்கும் வரும். ஊசி எல்லா வகைக் கிருமியையும் தடுக்காது, ஆகவே எலியையும் கட்டுப்படுத்துங்கள்.

13 ஜூன் 2025

செயின்ட் பெர்னார்ட் கிராஸ் எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். பனிமலை நாய். 2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் வளர்ப்புக் கொள்கையில், நம் வெப்பத்துக்கு ஒத்துவராது என்று இனப்பெருக்கம் செய்யக் கூடாத 11 இனங்களில் செயின்ட் பெர்னார்டும் சைபீரியன் ஹஸ்கியும் இருந்தன. கிராஸ் போட்டால் மூச்சு விட எளிதாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்ப்பதில்லை, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் நம் கடலோரத்தில் அந்த மூச்சிரைப்பு பாதி வேலைதான் செய்யும். மைனாவையே ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழுக்கு மேல் வெளியே கூட்டிப் போவதில்லை.

பெரிய நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று, வயிறு உப்பித் திருகிக்கொள்வது. நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு வரும். வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது. வயிறு மத்தளம் போல இறுகும். நிற்க முடியாமல் சுற்றிச் சுற்றி வரும். காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், சில மணி நேரம்தான். ஒரே வேளையில் மொத்தச் சாப்பாட்டையும் போடாமல் இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது.

2 ஜூலை 2025

நேற்று ராத்திரி காற்று. மைனா கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். அப்போது அவளுக்கு ஒரு வயதும் இரண்டு மாதமும். எங்கள் ரப்பரில் நாற்பது மரத்துக்கு மேல் சாய்ந்தது. மாட்டுத்தொழுவத்தின் ஷீட் பறந்து அவள் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. கடலுக்குப் போனவர்களைப் பற்றிய செய்தி அடுத்தடுத்த நாள்களில் வரும்போது எங்கள் நட்டத்தைப் பேசவே கூச்சமாக இருந்தது. கரண்ட் இல்லாத அந்த நாள்களில் இருட்டில் அவள் என் காலோடு ஒட்டிக்கொண்டே நடந்தாள். அன்று முதல் மரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டால் நடுக்கம்.

முதலில் "பயப்படாதே" என்று அதட்டுவேன். பயத்துக்கு அதட்டலும் சேர்ந்தால் இன்னும் பயம்தான். இப்போது நானும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறேன். ரேடியோவை மெதுவாக வைப்போம். ஆறுதல் சொன்னால் பயம் கூடிவிடும் என்பார்கள், என் அனுபவத்தில் அப்படி இல்லை. இருபது நிமிடத்தில் மூச்சு சீராகிவிடும்.

20 ஜூலை 2025

இடுப்பைப் பற்றி ஒருவர் விவரம் கேட்டார். 2021-ல் திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தோம். ஆரல்வாய்மொழி தாண்டியதும் காற்றாலைகளைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே வந்தாள். இடது பக்க இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆழமில்லை, தொடை எலும்பின் பந்து பாதி வெளியே நிற்கிறது. அறுவைச் சிகிச்சையும் உண்டு, ஆனால் முதலில் எடையைக் குறையுங்கள் என்றார்கள். எட்டு மாதத்தில் 35-ல் இருந்து 28. நொண்டல் பாதிக்கு மேல் குறைந்தது. வலி மருந்து மழைக்காலத்தில் மட்டும், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். நம் வீட்டு வலி மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள், நாயின் வயிறும் சிறுநீரகமும் தாங்காது.

யோசித்தால் மூன்று இடத்தில் தவறியிருக்கிறோம். எடை ஒன்று. அடுத்தது படி. நார்வேயில் பெரிய இனக் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வில், மூன்று மாதத்துக்குள் தினமும் படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு அதிகமாகவும், மென்மையான தரையில் தன் விருப்பத்துக்கு ஓடியவற்றுக்குக் குறைவாகவும் வந்தது. எங்கள் வீட்டுக்கு ஒன்பது படி. மூன்றாவது, கருத்தடை. ஏழு மாதத்திலேயே செய்துவிட்டோம். 20 கிலோவுக்கு மேல் வளரும் கலப்பு நாய்க்கு ஒரு வயதுக்கு முன் செய்தால் மூட்டுக் கோளாறு அதிகம் என்று 2020-ல் டேவிஸ் ஆட்கள் எழுதினார்கள். செய்ய வேண்டாம் என்று அர்த்தமில்லை, ஒரு வயது தாண்டட்டும். அதுவரை மதில் நன்றாக இருக்கட்டும்.

27 ஜூலை 2025

குட்டி வந்துவிட்டதாம்! பெயர் இன்னும் வைக்கவில்லை. எடை 6 கிலோ. முதல் ராத்திரி அழுததாம். தாயின் வாடை உள்ள துணி ஒன்று வாங்கி வரச் சொல்லியிருந்தேன், மறந்துவிட்டார். பரவாயில்லை தம்பி, பெட்டியை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள், ஒரு வாரம்தான்.

வீட்டு டைல்ஸ் தரையில் வழுக்காமல் தும்பு (தென்னை நார்) பாய் விரியுங்கள். மைனாவுக்கும் இப்போது அடுக்களையில் இருந்து வாசல் வரை விரித்திருக்கிறோம். அவள் அந்தப் பாயை விட்டு இறங்குவதே இல்லை. அது முடியும் இடத்தில் நின்று என்னைப் பார்க்கிறாள். நாளை இன்னும் மூன்று அடி வாங்க வேண்டும்.